எழுவான்கரையா, குமனையா: மாரியில் பறவை பார்க்க எங்கே போவது?

ஐப்பசி பிறந்தால் லண்டனில் இருக்கிற தங்கச்சியின் போன் வரும். என்ன கொண்டுவர, யாருக்கு என்ன அளவு என்ற பேச்சுத்தான் வழமை. இந்த முறை வேறு கேள்வி. "அக்கா, டிசம்பர் லீவுக்கு வாறம். மூத்தவனுக்கு இப்ப பறவைப் பைத்தியம். தெரிஞ்ச ஒராளை வழிகாட்ட வைச்சு, ஒரு நாள் நடந்து பறவை பார்க்க ஒழுங்கு செய்வீங்களா? குமனைக்குப் போவமா?"

பார்ப்போம் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். பன்னிரண்டு மாரியாக மட்டக்களப்பு வாவிக்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் பறவை பார்த்துத் திரிகிறேன். ஒரு நாள் பறவை பார்ப்பதற்கு நான் மற்றவர்களுக்குச் சொல்வது நான்கு வழி: குமனைப் பூங்காவுக்கு ஜீப், இங்கினியாகலை நீர்த்தேக்கத்தில் படகு, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குளங்கள், கிழக்கே எழுவான்கரையில் தொடங்குகிற வாவிக்கரை நடை. அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

இடத்துக்கு முன் மாதத்தைப் பேச வேண்டும். எங்கள் பேச்சில் தை என்றால் ஜனவரி, மார்கழி என்றால் டிசம்பர்; மற்ற மாதங்களும் அப்படியே. வலசைப் பறவைகள் ஆவணி கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும், சித்திரை வரை நிற்கும். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் புறப்பட்டு இந்தியாவின் முழு நீளத்தையும் கடந்து அவை வருகிற பாதையில் இலங்கைதான் கடைசித் தரிப்பிடம். இதற்குத் தெற்கே இறங்குவதற்குக் கடல்தான் உண்டு. ஆகவே மார்கழியில் பறவை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் மார்கழி என்றால் மழை. வருடத்து மழையில் பெரும்பங்கு கார்த்திகை முதல் தை வரையான மூன்று மாதத்தில் கொட்டிவிடும். வாவி முட்டி நிற்கும், குளங்கள் நிரம்பி வான் பாயும், தாழ்ந்த வயல் வட்டைகள் வெள்ளக்காடாகக் கிடக்கும்.

உள்ளான் என்கிற, கரையோரம் மேயும் பறவை வகைகளுக்கு வேண்டியது சேறு. அவற்றின் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர், அதன் கீழே மெல்லிய சேறு, சேற்றுக்குள் புழு. கரையில் மனிதனுக்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அவை எங்கே மேயும்? மேடான இடம் தேடி நான்கு திசைக்கும் சிதறிப் போய்விடும். மழையில் நனைந்து, வெறுந்தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மட்டக்களப்பில் ஒன்றும் இல்லையே" என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வந்தது மார்கழி இரண்டாம் கிழமை.

தை நடுவில் கதை மாறும். முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்தோ, வெள்ளத்துக்குப் பயந்து வெட்டிவிட்டோ, வாவி கடலுக்குள் வடியத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் கரை ஓரமாக ஒரு பாய் அகலத்துக்குச் சேறு வெளியே வரும். ஆசியா முழுக்க நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பையும் ஜனவரி நடுப்பகுதியில்தான் வைக்கிறார்கள். அலைந்து வந்த பறவைகள் அந்த நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும். எங்கள் கரைக்கு அதைவிட மாசியும் பங்குனியும் இன்னும் நல்லது. மழை விட்டிருக்கும், பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருக்கும், வெட்டு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடக்கும். பங்குனி கடைசிக்குப் போனால் இன்னொரு லாபம் உண்டு. மாரி முழுக்க ஒரே சாம்பல் உடுப்போடு நின்று எங்களைக் குழப்பிய உள்ளான்களில் சில, ஊருக்குத் திரும்புமுன் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். மாதத்தைத் தெரிவு செய்கிற சுதந்திரம் உள்ளவர்கள் மாசிக்கு வாருங்கள். தை 15க்கு முன் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

இனி குமனை. அந்தப் பெயருக்கு ஒரு கனம் இருக்கிறது. 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். போர்க்காலத்தில் 1985இல் மூடி 2003இல்தான் திறந்தார்கள். அடுத்த வருடமே சுனாமி. 2010இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கும்புக்கன் ஓயா ஆறு நீரூட்டுகிற குமனை வில்லு என்ற சதுப்புக் குளத்தில், கண்டல் மரங்களுக்கு மேலே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டி நெருக்கியடித்து இருப்பதைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருப்பார்கள். அந்தப் படம் வைகாசி, ஆனி மாதத்துப் படம். கூடு கட்டும் காலம் அதுதான். மாரியில் போகிறவர் அதை எதிர்பார்த்துப் போனால் மனம் உடைந்துதான் வருவார். மாரியில் அங்கே பார்க்க வேண்டியவை களப்போரத்து உள்ளான்களும், திறந்த வெளியில் நிற்கிற பெரிய நாரைகளும். கருங்கழுத்து நாரை என்ற ஆள் உயரப் பறவை இலங்கையில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அதைக் காண நல்ல வாய்ப்புள்ள இடங்களில் குமனையும் ஒன்று. அந்த ஒரு பறவைக்காகப் போகிறவரை நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் தங்கச்சி கேட்டது நடை. குமனை தேசிய பூங்கா. உள்ளே ஜீப்பை விட்டு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. உகந்தை முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற நாட்களில் அடியார்கள் அந்தக் காட்டுக்குள்ளால் நடப்பார்கள். மற்ற நாட்களில் எல்லாம் ஜீப்தான். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பாணமை, அப்புறம் உகந்தை வாசல். விடிய ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமானால் முதல் நாளே பொத்துவிலிலோ அறுகம்பையிலோ தங்க வேண்டும். செலவும் நான்கிலும் இதுவே கூட: தங்குமிடம், ஜீப் வாடகை, நுழைவுச்சீட்டு. அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஐப்பசியோடு முடிந்துவிடுவதால் மாரியில் பல விடுதிகள் பூட்டியிருக்கும். முதலே கேட்டு வைப்பது நல்லது.

மூன்று வருடத்துக்கு முன் மார்கழிக் கடைசியில் நாங்கள் ஐந்து பேர் போனோம். முதல் நாள் இரவு முழுக்க மழை. ஜீப் சாரதி நல்ல மனுசன்தான், ஆனால் அவருடைய கண் சிறுத்தையில் இருந்தது. ஒரு களப்பின் ஓரத்தில் நாற்பது ஐம்பது உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. "அண்ணன், கொஞ்சம் நிற்பாட்டுங்க" என்றேன். நிற்பாட்டினார், ஆனால் எஞ்சினை நிற்பாட்டவில்லை. ஜீப்பின் அதிர்வில் பைனாக்குலருக்குள் பறவைகள் எல்லாம் நடுங்கின. எந்தக் காலுக்கு என்ன நிறம் என்று பார்க்குமுன் "முன்னுக்குப் போனா யானை நிக்கும்" என்று கியரைப் போட்டார். யானை நின்றது, பார்த்தோம், பிள்ளைகளுக்குச் சந்தோசம். எனக்கு அந்த உள்ளான்கள் இன்னும் மனதில் கிடக்கின்றன. குமனைக்குப் போவதென்றால் ஜீப் பேசும்போதே, "பறவைக்கு மட்டும் வாறம், சொன்ன இடத்தில் எஞ்சினை நிற்பாட்ட வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இங்கினியாகலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்குள்ள சேனநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம், கல்லோயா தேசிய பூங்கா 1954இல் இருந்து இருக்கிறது, படகில் போவது அருமையான அனுபவம். ஆனால் அதற்குக் காலம் பங்குனி முதல் ஆடி வரை. நீர் இறங்கி, தீவுகளின் புல் வெளியே வந்து, யானைகள் தீவுக்குத் தீவு நீந்தும் காலம் அதுதான். மாரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், காற்றும் இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு அந்த நேரம் படகில் ஏற நான் சம்மதிக்க மாட்டேன். நடையும் இல்லை.

மிஞ்சுவது இரண்டு. இரண்டுமே வீட்டுக்குப் பக்கம், இரண்டிலுமே நடந்து பார்க்கலாம்.

படுவான்கரையில் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று பெரிய குளங்கள் உண்டு. அவற்றுக்கு இடையில் பெயர் தெரியாத சின்னக் குளங்கள் எத்தனையோ. வாத்து பார்க்க ஆசை என்றால் குளம்தான். உள்ளூர்ச் சிறகிகளோடு, வடக்கிலிருந்து வருகிற ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் சில வருடங்களில் வந்து இறங்கும். தாமரை இலைக்கு மேலால் நீண்ட விரல்களை விரித்து நடக்கிற இலைக்கோழியை ஒரு பிள்ளைக்கு முதன்முதலாகக் காட்டிப் பாருங்கள். "அது தண்ணியில நடக்குது" என்று கத்தும். குளக்கட்டில் நடப்பதும் லேசு. உயரமான கட்டு, காலுக்குச் சேறில்லை.

குளத்தின் குறை யானை. படுவான்கரையில் காட்டு யானையால் ஆள் இறப்பது ஒவ்வொரு வருடமும் கேள்விப்படுகிற துயரம். பறவைக்கு நல்ல நேரமும் யானை வயலில் இருந்து காட்டுக்குத் திரும்புகிற நேரமும் ஒன்றேதான். அந்த ஊர் விவசாயி ஒருவர் கூட வராமல் அதிகாலையில் குளக்கட்டுக்குப் போகாதீர்கள். எந்தப் பக்கம் யானை நிற்கிறது, நேற்று இரவு எங்கே வேலி முறிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் "இன்றைக்கு வேணாம்" என்றால் அன்றைக்கு வேண்டாம். ஏழு மணிக்கு மேல் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போனால் பறவை கொஞ்சம் குறையும், மனம் நிம்மதியாக இருக்கும்.

வாவிக்கரைதான் என்னுடைய தெரிவு. ஏனென்று கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்கள் வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வைத்த பெயரிலேயே பறவை பார்க்கிறவனுக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. கரைப்பறவை பார்க்க முதல் விதி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். காலின் நிறம் தெரியாது, அலகின் நிறம் தெரியாது. உள்ளான்களைப் பிரித்தறியக் காலைத்தான் பார்க்க வேண்டும்: செம்மஞ்சளாக மினுங்கினால் பவளக்காலி, வெளிறிய பச்சையென்றால் பச்சைக்காலி. ஆகவே காலையில் சூரியன் எழுகிற கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். பின்னேரம் சூரியன் படுகிற கரைக்குப் போய்க் கிழக்கே பார்க்க வேண்டும். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிற எங்கள் வாவியில் இதை ஒரே நாளில் செய்யலாம். நகரிலிருந்து தெற்கே ஆரையம்பதிப் பக்கம் காலையில் இறங்கி, ஒன்பதரை வரை கரையோரம் நடந்து, வெயில் ஏறியதும் மண்முனைப் பாலத்தால் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போய்விடலாம். 2014இல் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். இப்போது சில நிமிட வேலை. தான்தோன்றீச்சரத்தில் கும்பிட்டு, மர நிழலில் சோற்றுப்பார்சலைப் பிரித்து, ஒரு தூக்கமும் போடலாம். நாலு மணிக்கு மறுபடி வாவிக்கரை. அந்தி வெயில் முழுதும் பறவையின் மேல் விழும்.

போன மாசியில் மண்முனைக்குக் கிட்ட நடந்தது இது. என்னோடு வந்தவர் அறுபது வயது தாண்டிய மீனவர், அந்தக் கரையில் பிறந்தவர். அவரிடம் பைனாக்குலர் இல்லை. முன்னால் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று நின்று, "தங்கச்சி, ஒள்ளுப்பம் நில்லுங்க" என்றார். கையை உயர்த்தவில்லை, நாடியால் மட்டும் காட்டினார். எனக்கு முதலில் ஈரச் சேறும் சிப்பி ஓடுகளும்தான் தெரிந்தன. அப்புறம் அந்தச் சிப்பி ஓடுகளில் ஒன்று ஓடியது. கொசு உள்ளான். ஒரு கோழி முட்டையின் பாதி நிறை இருந்தால் அதிகம். வட துருவத்துக்குப் பக்கத்துப் பனிவெளியில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிற பறவை அது. முப்பதுக்கு மேல் இருந்தன. அம்மி கொத்துகிறவரின் உளி மாதிரி, விடாமல், சிறு சிறு கொத்தாகச் சேற்றைக் கொத்திக்கொண்டே நகர்ந்தன. நாங்கள் நின்ற இடத்தில் அப்படியே குந்தினோம். பத்து நிமிடம் போயிருக்கும். அவை மேய்ந்து மேய்ந்து எங்கள் பக்கமே வந்தன. கடைசியில் ஒன்று எங்களிடமிருந்து இரண்டு ஆள் நீளத் தூரத்தில் நின்று ஒற்றைக் காலால் காதடியைச் சொறிந்தது. கறுப்புக் கால், அதில் ஒரு துளி சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பிறகு ஒரு செம்பருந்து மேலால் போனது. ஒரே சத்தத்தில் அத்தனையும் எழும்பி, வெள்ளை வயிற்றைக் காட்டி ஒருமுறை வளைந்து, பழைய இடத்திலேயே இறங்கின.

ஜீப்பில் இருந்து இது கிடைக்காது. உள்ளான் வகைகளைக் கற்க ஒரே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும், அதற்குக் கால் தரையில் இருக்க வேண்டும்.

வாவிக்கரைக்கு இரண்டு எச்சரிக்கை. கண்டல் காட்டுக்குள் தில்லை மரம் இருக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் கிளை முறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் காயம் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், மாரியில் எலிக்காய்ச்சல் உள்ள பகுதி இது. பைனாக்குலர் வாங்குவதென்றால் 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ளதை வாங்குங்கள். 10 மடங்கில் கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும், பிள்ளைகளால் பிடித்து நிற்க முடியாது.

வழிகாட்டி யார் என்பதில்தான் நாளின் பாதி தங்கியிருக்கிறது. கொழும்பிலிருந்து பறவைக்கென்றே வருகிற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பெயரும் சத்தமும் அவர்களுக்கு அத்துப்படி, நல்ல தொலைநோக்கியும் முக்காலியும் கொண்டுவருவார்கள், ஆனால் செலவு கூட. குமனையில் வனஜீவராசிகள் திணைக்களத்து உதவியாளர் ஜீப்பில் ஏறுவார். காடு தெரிந்தவர்கள், பறவையில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஊர் மீனவருக்கோ விவசாயிக்கோ புத்தகப் பெயர் தெரியாமல் இருக்கலாம். இன்றைக்குச் சேறு எங்கே வெளியே வந்திருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பெயருக்குப் புத்தகம் இருக்கிறது, போனில் செயலி இருக்கிறது. சேற்றுக்கு அவர்தான். பறவைப் பெயர் தெரிந்த ஒருவரும் கரை தெரிந்த ஒருவரும் சேர்ந்து வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

ஒரு விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழுவோடு போனபோது, கூட்டிவந்தவர் படம் நன்றாக வரட்டும் என்று கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார். நூற்றுக்கணக்கில் எழும்பின, எல்லோரும் படம் எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி தட்டினார். எனக்கு நெஞ்சு வலித்தது. திரும்பிப் போகிற பயணத்துக்கான கொழுப்பை அந்தப் பறவை இந்தச் சேற்றில் இருந்துதான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தரம் வீணாக எழும்பும்போதும் சேர்த்ததில் ஒரு பங்கு போகிறது. வழிகாட்டியைப் பேசும்போது இதை நேரே கேளுங்கள்: கூட்டத்தை எழுப்பாமல் காட்டுவாரா? "எழுப்பினாத்தான் வடிவு" என்று சொல்கிறவர் எவ்வளவு குறைந்த காசுக்கு வந்தாலும் வேண்டாம்.

சரி, தங்கச்சிக்கு என்ன சொன்னேன்? முதலில், ஈஸ்டர் லீவுக்கு வரமுடியுமா என்று கேட்டேன். பங்குனிக் கடைசியில் வந்தால் சேறு, நிறம், வெயில் மூன்றும் கிடைக்கும். ஒரு நாளைக்கு இங்கினியாகலைக்கும் போகலாம். டிக்கெட் எடுத்தாச்சாம். அப்படியானால் குமனையை விட்டுவிடுவோம் என்றேன். ஜீப்புக்கு முற்பணம் கட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஒரு முழு நாளுக்குப் பதிலாக இரண்டு காலைப் பொழுதை ஒதுக்கச் சொன்னேன், நாளைக் குறிக்காமல். ஒரு காலை பாலமீன்மடு. 1913இல் கட்டிய வெளிச்சவீட்டடியில் இருந்து முகத்துவாரம் பக்கம் நடந்தால், வாவி முட்டி நிற்கிற நாளிலும் மணல்திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் நிற்கும். மழைக்கு ஒதுங்கவும் வீடு பக்கம். மற்றக் காலை ஆரையம்பதிப் பக்கம், தண்ணீர் இறங்கியிருந்தால். அந்த மீனவரிடம் கேட்டுவிட்டேன். "நாள் சொல்லாதீங்க தங்கச்சி. மழை விட்டா விடிய நாலு மணிக்கு நான் போன் எடுக்கிறன், அஞ்சரைக்கு வந்து நில்லுங்க" என்றார்.

மருமகனுக்கு முதல் பறவை அதற்கு முன்பே வீட்டிலேயே காத்திருக்கிறது. எங்கள் பின்வளவு மாமரத்தடிச் சருகுக்குள் ஆறுமணிக்குருவி ஒன்று ஐப்பசிக் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது. பச்சை முதுகு, வால் அடியில் குங்குமச் சிவப்பு. இந்தியாவில் இருந்து வந்து சித்திரை வரை இங்கேயே நிற்கும். பகலில் சருகைக் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்கும், ஆளைக் காண்பது கடினம். பொழுது படுகிற நேரம் இரண்டு சுரத்தில் சீட்டி அடிக்கும். அவர்கள் வருகிற அன்று பின்னேரம் ஆறு மணிக்குக் குசினிக் கதவடியில் ஒரு கதிரை போட்டு வைக்கப் போகிறேன். அவனும் நானும் தேத்தண்ணீரோடு அங்கே இருப்போம்.